இலினாய் கெய்ரோ ஊருக்குள் போய்வந்தேன். இந்த ஊருக்கு என்ன ஆயிற்று?

காவிரிக்கரையான் | திங்கள், இரவு 10:40

சாம்பெய்னிலிருந்து மெம்ஃபிஸுக்குக் காரில் போகிறவர்களுக்கு ஐ-57 பழகிய சாலை. நான் ஏழு வருடமாகப் போய்வருகிறேன். இலினாய் முடிகிற இடத்தில், மிசிசிப்பி பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடைசி எக்ஸிட்டில் கெய்ரோ என்று ஒரு பலகை இருக்கும். ஒருநாளும் திரும்பியதில்லை. போன சனிக்கிழமை பாலத்தில் விபத்து, வண்டிகள் நகரவே இல்லை. சரி, பார்த்துவிட்டே போவோம் என்று இறங்கிவிட்டேன்.

ஊருக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு விசித்திரம். ரயில் மேட்டுக்கு அடியில் சாலை போகிறது. அங்கே தலைக்குமேல் ஒரு பெரிய இரும்புக் கதவு தொங்குகிறது. வெள்ளம் வந்தால் அதை இறக்கி ஊரையே பூட்டிவிடலாமாம். 80 டன் எடை. கோட்டைக்குக் கதவு பார்த்திருக்கிறேன். ஒரு ஊருக்கே கதவு இப்போதுதான் பார்க்கிறேன்.

உள்ளே போனால் அகலமான தெருக்கள், மாளிகை போல சில பழைய வீடுகள், ஒரு அழகான பழைய நூலகம். கமர்ஷியல் அவென்யூ என்று ஒரு கடைத்தெரு. அதாவது ஒரு காலத்தில் கடைத்தெரு. நான் நடந்த அரை மணி நேரத்தில் திறந்திருந்த கடை ஒன்றுகூட இல்லை. பாதி இடம் புல். மீதிக் கட்டடங்களில் கூரை விழுந்து, உள்ளே மரம் முளைத்து ஜன்னல் வழியாகக் கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயம் வரவில்லை, ஆனால் காலடிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நூலகத்துக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர். கறுப்பினத்தவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "கெய்ரோ நல்ல ஊர்" என்று பேச்சைத் தொடங்கினேன். "கெய்ரோ எகிப்தில் இருக்கிறது. இது கேரோ" என்று திருத்தினார். ஊர் ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். "பங்கு போட மனசில்லாதவங்க நிறையப் பேர் இருந்தாங்க" என்றார். அதற்குமேல் அவர் வானிலைக்குப் போய்விட்டார்.

இந்த ஊரைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.


கணக்கன் | திங்கள், இரவு 11:25

பெரியவர் நிறவெறியைத்தான் சொல்கிறார், உருக்கமாக இருக்கிறது. ஆனால் ஊர்கள் உருக்கத்தால் சாவதில்லை, சாலையால் சாகின்றன. நான் முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவன், அதனால் இப்படித்தான் பேசுவேன்.

அந்த இடத்தின் அமைப்பைப் பாருங்கள். ஓஹையோ ஆறும் மிசிசிப்பியும் கூடும் முனை. படகுப் போக்குவரத்தும் ரயிலும் சந்திக்கிற இடம். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் ஜெனரல் கிராண்ட் அங்கேதான் முகாம் போட்டார். ஆற்றைத் தாண்ட ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்ற வேண்டியிருந்தவரை ஊரில் பணம் புரண்டது. 1889இல் ஓஹையோவின்மேல் ரயில் பாலம் வந்தது. 1929இல் மிசிசிப்பியிலும் முப்பதுகளின் பிற்பாதியில் ஓஹையோவிலும் கார் பாலங்கள் வந்தன, பரிசல் தொழில் போயிற்று. 1978இல் ஐ-57 ஊரைத் தொடாமல் பக்கவாட்டில் போய்விட்டது. நீங்களே ஏழு வருடம் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறீர்கள்!

மக்கள்தொகை 1920இல் 15,203. அதுதான் உச்சம். 1960இல் 9,348. அறுபதுகளின் இனக்கலவரத்துக்கு முன்பே மூன்றில் ஒரு பங்குக்குமேல் போய்விட்டது. 2020 கணக்கில் 1,733. இதில் நிறவெறிக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?


வாணி கார்பன்டேல் | செவ்வாய், காலை 6:50

கணக்கன் சார், பாலக் கணக்கு சரி. ஆனால் நீங்கள் 1960இல் நிறுத்திவிட்டு 2020க்குத் தாவிவிட்டீர்கள். நடுவில்தான் கதையே இருக்கிறது.

நான் பத்து வருடமாக கார்பன்டேலில் இருக்கிறேன், கேரோ இங்கிருந்து ஒரு மணி நேரம். முதலில் நீச்சல்குளத்தைச் சொல்கிறேன். ஊரில் ஒரு குளம் இருந்தது. 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்ற பெயரில் நடந்தது. கறுப்பினத்தவர் யாரும் உறுப்பினர் ஆக முடியாது. ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் கறுப்பினத்தவர்கள். இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊர், கோடையில் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சுழலும் சேறும் உள்ள ஆற்றுக்கு.

1962 கோடையில் மாணவர் போராட்டக் குழு அங்கே வந்தது. குளத்துக்கு வெளியே நடைபாதையில் சிலர் மண்டியிட்டு ஜெபிக்கிற ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு, டேனி லயன் எடுத்தது. பலர் பார்த்திருப்பீர்கள், பிறகு அது சுவரொட்டியாகவே வந்தது. அதில் மண்டியிட்டிருப்பவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ், பின்னாளில் ஜார்ஜியாவிலிருந்து காங்கிரஸ் உறுப்பினரானவர். அலபாமாவில் எடுத்த படம் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருக்கிறார்கள். எடுத்தது இலினாயில், லிங்கனின் மாநிலத்தில்.

குளத்தை எல்லோருக்கும் திறக்க வேண்டிய கட்டாயம் வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? 1963இல் மூடிவிட்டார்கள். பிறகு சிமென்ட் ஊற்றி நிரப்பினார்கள். சிறுவர்களுக்கான பேஸ்பால் போட்டியிலும் இதே புத்திதான், சேர்ந்து ஆடுவதைவிட ஆட்டமே வேண்டாம் என்று நிறுத்தினார்கள். பள்ளிகளை ஒன்றாக்கியபோது வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று முளைத்தது. பெரியவர் 'பங்கு போட மனசில்லாதவங்க' என்றது இதைத்தான்.


பட்டாம்பூச்சி78 | செவ்வாய், காலை 7:05

சிமென்ட் ஊற்றி நிரப்பினார்களா!! அந்த வெயிலில் அவர்கள் பிள்ளைகளும்தானே குளிக்க முடியாமல் போயிருக்கும்?


வாணி கார்பன்டேல் | செவ்வாய், காலை 7:20

ஆமாம். அதுதான் எனக்கு இன்னும் செரிக்காத விஷயம்.

1967 ஜூலையில் ராபர்ட் ஹன்ட் என்ற 19 வயதுக் கறுப்பின ராணுவ வீரர், விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், காவல் நிலையத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் இறந்துகிடந்தார். தற்கொலை என்று போலீஸ் சொன்னது. கறுப்பினத் தெருக்களில் ஒருவரும் நம்பவில்லை. தீவைப்பு, துப்பாக்கிச் சத்தம், தேசியக் காவற்படை என்று மூன்று நாள் போயிற்று. அதற்குப் பிறகு வெள்ளையர்கள் ஒரு ஆயுதக் குழு அமைத்தார்கள், வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ரோந்து போனார்கள். சும்மா இல்லை, ஷெரிஃப் அவர்களுக்குத் துணைக் காவலர் அதிகாரமே கொடுத்திருந்தார். 1969இல்தான் மாநிலம் தலையிட்டு அந்தக் குழுவைக் கலைக்கச் சொன்னது.

அந்த வருடமே சார்லஸ் கோன் என்ற இளம் பாதிரியார் தலைமையில் ஐக்கிய முன்னணி தொடங்கியது. கோரிக்கை எளிமையானது. எங்களை வேலைக்கு வைக்காத கடையில் நாங்கள் சாமான் வாங்க மாட்டோம். கல்லாவில், கவுன்டரில், வங்கியில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லாத கடைத்தெரு அது. வாடிக்கையாளர்களில் பாதி அவர்கள். புறக்கணிப்பு வருடக்கணக்கில் நடந்தது. கடைக்காரர்கள் பலர் வேலை கொடுப்பதற்குப் பதிலாகக் கடையையே பூட்டினார்கள். காவிரிக்கரையான் நடந்த தெரு அதுதான்.

இன்னொரு பக்கம், பிரமிட் கோர்ட்ஸ் என்ற கறுப்பினக் குடியிருப்பை நோக்கி ஆற்றங்கரை மேட்டிலிருந்து இரவுகளில் சுடுவார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துத் தூங்கப்பண்ணியிருக்கிறார்கள். இதையெல்லாம் உள்ளூர்க்காரர் பிரெஸ்டன் யூவிங் படமெடுத்து வைத்தார், இல்லாவிட்டால் நம்ப ஆளிருக்காது.


கணக்கன் | செவ்வாய், பகல் 12:10

நான் மறுக்கவில்லை. கொடுமைதான். ஆனால் கொடுமை நடந்தது என்பதும் ஊர் அதனால் செத்தது என்பதும் ஒன்றல்ல. ஆற்றங்கரை ஊர்கள் எல்லாமே அந்தக் காலத்தில் சரிந்தன.


வாணி கார்பன்டேல் | செவ்வாய், பகல் 12:45

எல்லாமே இல்லை சார். ஓஹையோவில் மேலே போனால் கென்டக்கியின் படூக்கா, இன்று 27,000 பேர். மிசிசிப்பியில் மேலே போனால் மிசூரியின் கேப் ஜிராடோ, கிட்டத்தட்ட 40,000. இரண்டும் கேரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். அதே ஆறு, அதே வெள்ளம், அதே பாலங்கள்.


கணக்கன் | செவ்வாய், பகல் 1:30

படூக்காவுக்கு ஐம்பதுகளில் யுரேனியத் தொழிற்சாலை வந்தது. கேப் ஜிராடோவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். தொழிற்சாலை கட்ட இடம் தேடுகிறவன் தினமும் துப்பாக்கிச் சத்தம் கேட்கிற ஊரில் கட்ட மாட்டான். பாலம் ஊரைப் படுக்கவைத்தது, எழுந்திருக்கிற வாய்ப்பை மற்றது கெடுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.


சோமு அண்ணாச்சி | செவ்வாய், மாலை 5:15

இந்த இழையை என் மகள் அனுப்பினாள். படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கார்பன்டேலில் முதுநிலை படித்தவன். 1971 டிசம்பர். எனக்கு 23 வயது, பாளையங்கோட்டையிலிருந்து வந்து நான்கு மாதம். குண்டூர்க்கார நண்பன் ஒருவன் யாரிடமோ காரை இரவல் வாங்கிவந்தான், இரண்டு ஆறு கூடுகிற இடத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். கூடுகிற முனையில் தண்ணீர் இரண்டு நிறமாக ஓடும், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் செம்மண் பழுப்பு. குளிரில் கை விறைத்துப்போய்விட்டது. என்னிடம் கையுறை கிடையாது. ஊருக்குள் போய் வாங்கலாம் என்றான் நண்பன்.

கமர்ஷியல் அவென்யூவில் ஒரு துணிக்கடை. வாசலுக்கு எதிரே பத்துப் பதினைந்து பேர் அட்டை பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் கறுப்பர்கள். பெண்கள்தான் அதிகம். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்னவென்றே விளங்கவில்லை. ஏதோ சர்ச் ஊர்வலம் என்று நினைத்து நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டேன். நண்பன் காரிலேயே இருந்தான், அவனுக்கு ஏதோ புரிந்திருக்கிறது.

கடைக்குள் நான் ஒருவன்தான். கடைக்காரர் அப்படி உபசரித்தார். இந்தியாவா, என்ன படிக்கிறாய், குளிர் எப்படி இருக்கிறது என்று ஒரே விசாரிப்பு. கறுப்புத் தோல் கையுறை, உள்ளே கம்பளி. விலையில் ஒரு டாலர் குறைத்துக்கொண்டார். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் வரிசையிலிருந்து ஒரு அம்மா என் பக்கத்தில் வந்தார். என் அம்மா வயது இருக்கும். பழுப்புக் கோட்டு, தலையில் ஸ்கார்ஃப். திட்டப்போகிறார் என்று பயந்தேன். திட்டவில்லை. மெதுவான குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, அந்தக் கடையில் உனக்கு வேலை கொடுப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பட்டம் வாங்கவந்தவன், துணிக்கடை வேலைக்கு வந்தவன் இல்லை என்று ஏதோ ஒரு திமிர்ப் பதில் நாக்கு நுனியில் வந்தது. நல்லவேளை என் ஆங்கிலம் அவ்வளவு வேகமாக வராது. சும்மா நின்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

காரில் ஏறியதும் நண்பன் விஷயத்தைச் சொன்னான். ஹாஸ்டலில் முன்பே யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், இருட்டியபிறகு கேரோவில் நிற்காதே என்று. என்னிடம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன், ஆற்றில் எறிந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் செய்யவில்லை. மூன்று குளிர்காலம் போட்டேன். நல்ல கையுறை.


பட்டாம்பூச்சி78 | செவ்வாய், மாலை 5:40

அண்ணாச்சி 🙏 ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் கோட்டு நிறம் ஞாபகம் இருக்கிறது பாருங்கள்.


கேப்ஜி_முருகன் | செவ்வாய், இரவு 8:30

நான் கேப் ஜிராடோவில் இருக்கிறேன். நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மா கேரோவில் பிறந்து வளர்ந்தவர், வெள்ளையர். அவருடைய அப்பாவுக்கு அங்கே கடை இருந்தது. எந்தக் கடை என்று எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை வாடகை கொடுக்கப்போனபோது கேரோ பற்றிப் பேச்சு வந்தது. சுடப்படும் சத்தம் அவர்களுக்கும் கேட்குமாம். அப்பா மேசை டிராயரில் துப்பாக்கி வைத்துக்கொண்டுதான் கணக்கு எழுதுவாராம். கடைசியில் ஒருநாள் கதவைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார்கள். சொல்லும்போதே அந்தம்மாவுக்குக் கண் கலங்கியது. ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தால் கடையைக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் கோபப்படவில்லை. "என் அப்பாவுக்கு யாரும் இப்படிச் செய் என்று சொல்வது பிடிக்காது" என்றார். அப்புறம், "ஒரு ஆள்தான். ஒரே ஒரு ஆள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர்களும் இழந்தார்கள் என்பதற்காக இதை எழுதுகிறேன். சமமாக இழந்தார்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு வந்து சேர ஒரு கேப் ஜிராடோ இருந்தது.


ரஃபீக் சிகாகோ | புதன், காலை 9:00

அறுபதுகளிலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான். 1909 நவம்பர் 11 தெரியுமா?

ஒரு வெள்ளைப் பெண்ணைக் கொன்றதாகச் சந்தேகத்தில் பிடிபட்ட வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஷெரிஃப் ஃபிராங்க் டேவிஸின் காவலிலிருந்து ஒரு கும்பல் பிடுங்கிவந்தது. அதே கமர்ஷியல் அவென்யூவில், மின்விளக்கு அலங்கார வளைவின் கீழ், ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கத் தூக்கில் போட்டார்கள். கயிறு அறுந்தது. சுட்டார்கள், இழுத்துப்போனார்கள், எரித்தார்கள். இதைப் படம் பிடித்துத் தபாலட்டையாக விற்றார்கள். மேலே எழுதமாட்டேன், போதும்.

நான் சொல்லவந்தது அதற்கடுத்ததை. இலினாயில் 1905இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. காவலில் உள்ள கைதியைக் கும்பலிடம் பறிகொடுத்தால் ஷெரிஃபின் பதவி தானாகவே போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் ஆளுநர் முன்னால் நின்று, நான் முடிந்ததையெல்லாம் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டும். டேவிஸ் போய் நின்றார். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் அவர் பக்கம். எதிரே சிகாகோவிலிருந்து ஒரே ஒரு பெண் வந்து வாதாடினார், ஐடா பி. வெல்ஸ். வக்கீல் இல்லை, பத்திரிகையாளர். கேரோவுக்கு நேரில் போய், நடந்ததை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆளுநர் டெனீன் டேவிஸுக்குப் பதவியைத் திருப்பித்தரவில்லை.

மூன்றே மாதத்தில், 1910 பிப்ரவரியில், அதே ஊரில் இன்னொரு கும்பல் இன்னொரு கறுப்பினக் கைதியைத் தேடி வந்தது. இந்த முறை புது ஷெரிஃபின் ஆட்கள் சுட்டார்கள். கும்பலில் ஒருவன் செத்தான், கைதி பிழைத்தார். மூன்று மாதத்தில் அந்த ஊர் மக்களின் மனசு மாறியிருக்குமா? இல்லை. நாற்காலி போய்விடும் என்ற பயம் மட்டும்தான் புதிது.


வழிப்போக்கன் | புதன், பகல் 2:15

எல்லாம் சரி, நூறு வருடக் கதை, ஐம்பது வருடக் கதை. இன்றைக்கு அந்த ஊரில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர்கள்தான். கவுன்சிலிலும் அவர்கள் இருக்கிறார்கள். இப்போதும் நிறவெறி என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? எதற்கும் ஒரு முடிவு வேண்டாமா?


வாணி கார்பன்டேல் | புதன், மாலை 6:30

நியாயமான கேள்வி. கவுன்சில் கதையிலிருந்தே வருகிறேன். 1913லிருந்து அங்கே வார்டு கிடையாது, ஊர் முழுக்க ஒரே தொகுதி மாதிரி ஓட்டு. வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்தவரை ஒரு கறுப்பினத்தவர்கூட ஜெயிக்க வழியில்லை. யாரும் யாரையும் ஓட்டுப் போடாதே என்று தடுக்க வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு. வழக்குப் போட்டு 1980இல்தான் வார்டு முறை வந்தது. அதாவது, கடைகள் போனபிறகு, ஐ-57 விலகிப் போனபிறகு, வரி வருமானம் வறண்டபிறகு சாவி கைக்கு வந்தது. ஆறு வருடத்தில், 1986இல், ஆஸ்பத்திரியும் மூடியது.

அப்புறம் வீடுகள். எல்ம்வுட், மெக்பிரைட் என்று இரண்டு பழைய பொதுக் குடியிருப்புகள். எலி, பூஞ்சை, குளிர்காலத்தில் ஹீட்டர் வேலை செய்யாமல் சமையல் அடுப்பைத் திறந்துவைத்துக் குளிர்காயும் வீடுகள். வீட்டுவசதி வாரியத்தின் பணம் எங்கெங்கோ போய்விட்டது. 2016இல் மத்திய அரசு வாரியத்தைக் கையில் எடுத்தது. சரிசெய்யப் போகிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். 2017 ஏப்ரலில் கூட்டம் போட்டு, இடிக்கப்போகிறோம், காலிசெய்யுங்கள் என்றார்கள். சுமார் 400 பேர், பாதிக்குப் பாதி குழந்தைகள். வாடகைக்கு உதவிச் சீட்டு கொடுத்தார்கள். ஆனால் கேரோவில் வாடகைக்கு வீடு எங்கே இருக்கிறது? பள்ளியில் அந்த வருடம் வகுப்புக்கு வகுப்பு பெஞ்சு காலி.

2015இல் கடைசி மளிகைக் கடையும் மூடியது. எட்டு வருடம் பால், தக்காளிக்கு ஆற்றைத் தாண்டி இன்னொரு மாநிலத்துக்குப் போனார்கள். 2023இல் ஊர்க்காரர்களே கூட்டுறவாக ஒரு கடை திறந்தார்கள். கார் இல்லாத ஒரு பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குப் புரியாது, நாம் எல்லாரும் காரில் போய்க் காஸ்ட்கோவில் மொத்தமாக வாங்கி வருகிற ஆட்கள்.

வழிப்போக்கன், இதில் இன்று யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் குளத்தில் ஊற்றிய சிமென்ட் மாதிரி எல்லாம் அப்படியே இறுகிக் கிடக்கிறது.


வழிப்போக்கன் | புதன், இரவு 7:10

வார்டு விஷயம் எனக்குத் தெரியாது. படிக்கிறேன்.


கேப்ஜி_முருகன் | புதன், இரவு 9:20

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 வெள்ளம். ஆறு கேரோவின் கரையைத் தொட்டுவிட்டது, ஊரைக் காலிசெய்துவிட்டார்கள். ராணுவப் பொறியாளர்கள் முன்னால் ஒரே வழி. எதிர்க்கரையில், எங்கள் மிசூரிப் பக்கம், பேர்ட்ஸ் பாயின்ட் கரையை வெடிவைத்து உடைத்தால் 1,30,000 ஏக்கர் வயல் மூழ்கும், கேரோ தப்பும். எங்கள் மாநிலச் சபாநாயகர் ஸ்டீவ் டில்லியிடம் நிருபர் கேட்டார், எது மூழ்கலாம், வயலா கேரோவா என்று. "கேரோ. நான் அங்கே போயிருக்கிறேன், நம்புங்கள். கேரோ" என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மே 2 இரவு கரையை உடைத்தார்கள். சத்தமும் அதிர்வும் வெகுதூரம் கேட்டது என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள்.


பட்டாம்பூச்சி78 | புதன், இரவு 9:35

ஆக கடைசியில் கேரோவுக்கு ஒருமுறையாவது நியாயம் கிடைத்தது.


கேப்ஜி_முருகன் | புதன், இரவு 9:50

அவசரப்படாதீர்கள். அந்த 1,30,000 ஏக்கருக்குள் பின்ஹூக் என்று ஒரு சின்னக் கிராமம் இருந்தது. முப்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் கறுப்பின விவசாயக் குடும்பங்கள். நாற்பதுகளில் அவர்களுடைய முன்னோர் நிலம் வாங்க வந்தபோது வேறெங்கும் விற்க மறுத்துவிட்டார்கள். வெள்ளம் வந்தால் உடைத்துவிடுவதற்கென்றே ஒதுக்கிய நிலத்தில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. எழுபது வருடம் உழுது, வீடு கட்டி, சர்ச் கட்டினார்கள். கேரோவைக் காப்பாற்ற உடைத்தபோது பின்ஹூக் முழுசாகப் போய்விட்டது. செய்திகளில் 'வயல்' என்று வந்ததே, அதில் அவர்களும் அடக்கம்.


கணக்கன் | புதன், இரவு 10:30

முருகன், இது எனக்குத் தெரியாது. உடைப்பு நிலத்தின் வரைபடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், பாடமாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதில் ஊர்ப்பெயர் பார்த்த ஞாபகம் இல்லை. ஏக்கர்தான் போட்டிருக்கும்.

எத்தனை மார்க் என்று முதல் நாள் கேட்டேன். அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாலம் எங்கே வரும் என்பதை ஆறு முடிவு செய்தது. யார் எந்த நிலத்தில் இருப்பார்கள் என்பதை ஆறு முடிவு செய்யவில்லை.


நெறியாளர் | வியாழன், காலை 8:00

நம்மூர் டீக்கடை டம்ளர், ஊர்ச்சுவர் பற்றி வந்த ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள். இது கேரோவைப் பற்றிய இழை.


சோமு அண்ணாச்சி | வியாழன், காலை 11:20

காவிரிக்கரையான் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால் கமர்ஷியல் அவென்யூவில் எட்டாவது தெருவுக்குப் பக்கத்தில் ஒரு படம் எடுத்துப் போடமுடியுமா? ஆற்றுப் பக்கம் பார்த்து நின்றால் கடை இடது கைப்பக்கம் இருந்தது. வாசலில் இரண்டு படி, பச்சைக் கூடாரத் துணி. இருக்காது என்று தெரியும். என்றாலும் பார்க்கவேண்டும்.


காவிரிக்கரையான் | ஞாயிறு, இரவு 9:15

அண்ணாச்சி, நேற்று போனேன். வாணியும் கார்பன்டேலிலிருந்து வந்திருந்தார். இரும்புக் கதவடியில் சந்தித்து ஒன்றாகப் போனோம். முதலில் கூட்டுறவுக் கடைக்குப் போய் வாழைப்பழமும் தண்ணீரும் வாங்கிக்கொண்டோம். பெரியவரைத் தேடினேன், பெஞ்சில் இல்லை.

படங்கள் மூன்று இணைத்திருக்கிறேன். இடது பக்கம் கட்டடம் இல்லை, புல்தான். இரண்டாவது படத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். நடைபாதை ஓரத்தில் சிமென்ட் படி ஒன்று எங்கும் போகாமல் நிற்கிறது. இரண்டு படி. நீங்கள் சொன்ன கடையா என்று உங்களுக்குத்தான் தெரியும்.


சோமு அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 9:48

அதுதான். அந்த அம்மா கீழ்ப்படிக்கு நேர் எதிரே நின்றார்.